வர வேண்டிய வேகம், வருகிற வேகம்

(கணினி, நெட்வொர்க் பராமரிப்பில் இருப்பவர்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லேன் வேகத்தைச் சோதிக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். பெயர் மட்டும் போதுமென்றால், ஐபெர்ஃப்3 என்று சொல்லிவிட்டு இப்போதே உட்கார்ந்துவிடலாம். இலவசம், சின்னது, உலகம் முழுக்க நெட்வொர்க் வேலை பார்ப்பவர்கள் கையில் இருப்பது. ஆனால் அதை ஓட்டினால் ஒரு இடத்தில் 941 என்று காட்டும், இன்னொரு இடத்தில் 94 என்று காட்டும், வேறொரு இடத்தில் 290 என்று காட்டும். இதில் எது ஆரோக்கியம், எது நோய் என்று அது வாய் திறக்காது. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அதனால் நான் வலியுறுத்தப் போவது ஒன்றைத்தான். சோதனையை ஓட்டுவதற்கு முன்னால், வர வேண்டிய எண் எது என்று ஒரு தாளில் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் கையில் இருந்தால் எந்த சாஃப்ட்வேரும் உங்களுக்கு உதவும். இல்லாவிட்டால் எதுவும் உதவாது. எந்த வேலைக்கு எந்த சாஃப்ட்வேரை எடுப்பது என்பதும் அந்தக் கணக்கைப் போடும்போதே தெரிந்துவிடும்.

வெளியே போகும் சோதனை

முதலில் ஒரு குழப்பத்தை ஓரங்கட்டிவிடுவோம். 2006-இல் வந்த ஸ்பீட்டெஸ்ட், நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனம் 2016-இல் தொடங்கிய ஃபாஸ்ட் டாட் காம், நம் டிராய் அமைப்பின் மைஸ்பீடு ஆப், இவை எல்லாம் உங்கள் கட்டடத்தைத் தாண்டி, இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் வழியாக, எங்கோ இருக்கும் ஒரு சர்வர் வரை போய்த் திரும்புகின்றன. நீங்கள் 100 மெகாபிட் பிளான் எடுத்திருந்தால் அதற்குமேல் அவை காட்டாது. உங்கள் ஸ்விட்சும் கேபிளும் அதைப்போல் பத்து மடங்கு வேகத்தில் ஓடினாலும் சரி, அந்த 100-ஐத் தட்டுத்தடுமாறி எட்டிப் பிடித்தாலும் சரி, அங்கே ஒரே எண்தான் தெரியும். மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் கீழே இருக்கும் சர்வரோடு எப்படிப் பேசுகிறது என்று அறிய இவை பயன்படா. அதற்குச் சோதனையின் இரண்டு முனைகளும் உங்கள் கட்டடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

941 எங்கிருந்து வருகிறது

கிகாபிட் ஈதர்நெட் என்றால் நொடிக்கு 1000 மெகாபிட். ஆனால் அந்த ஆயிரமும் நம் டேட்டாவுக்குக் கிடைக்காது. ஒரு ஃப்ரேம் கேபிளில் போகும்போது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கூட்டிப் பார்ப்போம்.

உள்ளே இருக்கும் ஐபி பாக்கெட் 1500 பைட். அதற்கு முன்னால், யாரிடமிருந்து யாருக்கு என்று எழுதிய ஈதர்நெட் ஹெட்டர் 14 பைட். பின்னால், வழியில் ஏதும் சிதைந்ததா என்று சரிபார்க்க 4 பைட். "ஃப்ரேம் வருகிறது" என்று எதிர்முனையை உஷார்ப்படுத்த முன்னே ஓடும் 8 பைட். ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே கட்டாயம் விட வேண்டிய இடைவெளி 12 பைட் நேரம். மொத்தம் 1538.

அந்த 1500-க்குள்ளும் ஐபி ஹெட்டர் 20, டிசிபி ஹெட்டர் 20, லினக்ஸ் வழக்கமாகச் சேர்க்கும் நேரக் குறிப்பு 12, ஆக 52 பைட் கழிந்துவிடும். நமக்கு மிச்சம் 1448. இப்போது 1448-ஐ 1538-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்குங்கள். 941 வரும். விண்டோஸ் வழக்கமாக அந்த நேரக் குறிப்பைச் சேர்ப்பதில்லை. அங்கே 1460 மிஞ்சும், விடை 949. இதுதான் கிகாபிட் லேனின் உச்சவரம்பு. "ஆயிரம் வரவில்லையே, ஸ்விட்ச் மட்டமோ" என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

பழைய 100 மெகாபிட் இணைப்புக்கும் இதே கணக்குதான். பத்தில் ஒன்று, 94. இந்த 94-ஐ மட்டும் மறக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் அதற்கு வேலை வரும்.

இன்னொரு மாற்றுக் கணக்கும் வேண்டும். நெட்வொர்க் பிட்டில் பேசும். ஃபைல் பைட்டில் பேசும். 941 மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 117 மெகாபைட்டுக்குச் சற்று மேல். விண்டோஸ் தன் காப்பி ஜன்னலில் 1024-ஆல் வகுத்துக் காட்டுவதால் அங்கே 112, 113 என்று தெரியும். காப்பி ஜன்னலில் 112 ஓடுகிறதென்றால் உங்கள் கேபிள் முழுக்க நிரம்பி ஓடுகிறது என்று பொருள். அதற்குமேல் எந்த சாஃப்ட்வேரைக் கொண்டுவந்து எதைச் சோதிப்பது? வேலை முடிந்தது.

மெமரியிலிருந்து மெமரிக்கு

இந்த வகைச் சோதனைக்கு வயது நாற்பதுக்கு மேல். அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் பிங்கை எழுதினார். இன்று நாம் தினமும் தட்டும் அதே பிங். அடுத்த ஆண்டு அவரும் டெர்ரி ஸ்லாட்டரியும் சேர்ந்து டிடிசிபி என்ற சிறு நிரலை உருவாக்கினார்கள். ஒரு கணினி தன் மெமரியிலிருந்து பைட்டுகளை அள்ளி அனுப்பும். இன்னொன்று வாங்கி, எண்ணிவிட்டு, கீழே போட்டுவிடும். டிஸ்கைத் தொடுவதே இல்லை. கிடைக்கும் எண் நெட்வொர்க்கைப் பற்றியது மட்டுமே.

ஐபெர்ஃப் அந்த வழி வந்தது. இப்போது நாம் பயன்படுத்தும் ஐபெர்ஃப்3, லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தை ஒட்டி இயங்கும் ஈஎஸ்நெட் என்ற அறிவியல் நெட்வொர்க்கில் 2009-இல் புதிதாக எழுதத் தொடங்கி 2014-இல் வெளிவந்தது. ஆய்வுக்கூடங்களுக்கு இடையே மலைமலையாக டேட்டா அனுப்புகிறவர்கள் தங்கள் தேவைக்குச் செய்துகொண்ட கருவி.

பழைய ஐபெர்ஃப்2 இன்னும் உயிரோடு இருக்கிறது, தொடர்ந்து மேம்படுத்தப்பட்டும் வருகிறது. ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. ஒரு முனையில் 2, மறுமுனையில் 3 என்று வைத்தால் இணைப்பே கிடைக்காது. ஐபெர்ஃப்3 சர்வர் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பதில் சொல்லும். லேப் முழுக்க இருபது கம்ப்யூட்டரை ஒரே நேரத்தில் ஒரு சர்வர்மேல் ஏவிப் பார்க்க வேண்டுமென்றால் ஐபெர்ஃப்2 தோதானது.

திரையில் என்ன பார்ப்பது

ஒரு கம்ப்யூட்டரில் ஐபெர்ஃப்3-ஐ எஸ் என்ற குறியோடு ஓட்டினால் அது சர்வராகக் காத்திருக்கும். மற்றதில் சி என்ற குறியும் முதலாவதன் ஐபி முகவரியும் கொடுத்தால் சோதனை தொடங்கும். பத்து நொடி ஓடும். நொடிக்கொரு வரி வரும். சர்வர் பக்கம் 5201 என்ற போர்ட்டை ஃபயர்வால் அடைத்திருந்தால் ஒன்றும் வராது. முதல்முறை ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் திகைத்து நிற்பது இந்த இடத்தில்தான்.

கடைசி வரியில் இருக்கும் சராசரியை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். பத்து வரியையும் மேலிருந்து கீழே படியுங்கள். பத்திலும் 941 வந்தால் அது ஒரு செய்தி. 941, 940, 310, 0, 720 என்று ஏறி இறங்கினால் அது வேறு செய்தி. லினக்ஸில் ஓட்டினால் "ரெட்ர்" என்று ஒரு பத்தி வரும். தொலைந்துபோய் மறுபடி அனுப்ப நேர்ந்த பாக்கெட்டுகளின் கணக்கு அது. கேபிள் வழி லேனில் அது பூஜ்யமாகவோ அதற்கு அருகிலோ இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் ஏறினால் சராசரி எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே ஏதோ கோளாறு.

அடுத்து, பெரிய எழுத்து ஆர் குறியைச் சேர்த்து இன்னொரு முறை ஓட்டுங்கள். இப்போது டேட்டா எதிர்த் திசையில் வரும். இதைச் செய்யாமல் யாரும் சோதனையை முடிக்கக் கூடாது. ஒரு திசையில் 90, மறு திசையில் 3 என்று வரும் நெட்வொர்க்குகள் உண்டு. பழைய ஸ்விட்சில் யாரோ ஒரு போர்ட்டை ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் பூட்டி வைத்திருப்பார்கள். மறுமுனை அது தெரியாமல் ஹாஃப் டூப்ளெக்ஸில் நிற்கும். அந்த நிலையிலும் பிங் அழகாகப் போய்வரும், ஏனென்றால் அது நொடிக்கு ஒரு சின்னப் பாக்கெட்தான். கூட்டம் ஏறும்போதுதான் முட்டல் மோதல் தொடங்கும்.

இப்போது 94-க்கு வருவோம். கிகாபிட் ஸ்விட்ச், கிகாபிட் கார்டு, கேட் 5ஈ கேபிள், எல்லாம் சரி. சோதனை மட்டும் 94-இல் நிலைகுத்தி நிற்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்த எண்ணைப் பார்த்ததும் கிரிம்பிங் டூலை எடுக்கலாம். கேபிளுக்குள் நாலு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. 100 மெகாபிட்டுக்கு அதில் இரண்டு ஜோடி போதும்: 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்கள். கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். ஆர்ஜே45 கனெக்டரில் 4, 5, 7, 8-இல் ஏதாவது ஒரு கம்பி சரியாகக் கடிபடவில்லையென்றால், இரு முனைக் கருவிகளும் தங்களுக்குள் பேசி 100-க்கு இறங்கிவிடும். லைட் எரியும், இணையம் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. 94 என்ற எண் மட்டும் காட்டிக்கொடுக்கும். ஐஓ பாக்ஸையும் இரண்டு பக்கப் பேட்ச் கார்டையும் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே தீரும்.

290, 300 என்று வந்தால்? சோதனைக்கு நீங்கள் கொண்டுபோன கருவியைச் சந்தேகப்படுங்கள். ராஸ்ப்பெரி பை 3பி பிளஸ் போர்டில் கிகாபிட் போர்ட் இருக்கிறது. ஆனால் அது உள்ளே யூஎஸ்பி 2.0 வழியாக ஓடுவதால் 300 மெகாபிட்தான் உச்சம் என்று அதைச் செய்தவர்களே அறிவித்திருக்கிறார்கள். 2019-இல் வந்த பை 4-இல்தான் அந்தத் தடை நீங்கியது. லேப்டாப்பில் மாட்டும் யூஎஸ்பி லேன் அடாப்டரும் இப்படித்தான். அதை யூஎஸ்பி 2.0 துளையில் செருகினால், அந்தத் துளையின் மொத்தக் கொள்ளளவே 480 மெகாபிட். ஸ்விட்சைக் குறை சொல்வதற்கு முன்னால், இரண்டு கருவிகளையும் ஒரே கேபிளால் நேராக இணைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அங்கேயே 300 வந்தால் ஸ்விட்ச் நிரபராதி.

விண்டோஸ்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐபெர்ஃப்3 லினக்ஸ் போன்ற அமைப்புகளுக்காக எழுதப்பட்டது. விண்டோஸில் கிடைப்பவை நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கு வைத்து ஓட்டப்படுபவை. வேகமான இணைப்புகளில் அந்த அடுக்கே தடையாகும். விண்டோஸில் ஐபெர்ஃப்3 வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் 2024-இல் வெளிப்படையாகவே எழுதி, தன்னுடைய என்டிடிடிசிபி என்ற கருவியைப் பரிந்துரைத்தது. அதுவும் பழைய டிடிசிபியின் வாரிசுதான். இரண்டு முனையும் விண்டோஸ், கார்டு 10 கிகாபிட் என்றால் அதை எடுங்கள். அந்த வேகத்தில் ஐபெர்ஃப்3-ஐ ஓட்டுகிறவர்கள் பதிப்பு எண்ணையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2023 இறுதியில் வந்த 3.16-இலிருந்துதான் இணையாக ஓடும் சோதனைகளை ப்ராசஸரின் பல கோர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் வசதி வந்தது.

டிஸ்க் சேரும்போது

ஐபெர்ஃப் 941 காட்டுகிறது. ஃபைல் காப்பி மட்டும் ஊர்கிறது. இதுதான் எல்லா ஊரிலும் கேட்கும் அடுத்த புகார். லாரிக் கணக்காக யோசியுங்கள். ஐபெர்ஃப் அளப்பது ரோட்டை மட்டும். ஃபைல் காப்பி என்பது இந்தக் குடோனில் ஏற்றும் நேரம், ரோடு, அந்தக் குடோனில் இறக்கும் நேரம், மூன்றும் சேர்ந்தது.

கல்யாண ஸ்டூடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடிட்டிங் கம்ப்யூட்டரிலிருந்து என்ஏஎஸ் பெட்டிக்கு 64 ஜிபி வீடியோ போக வேண்டும். கிகாபிட் முழு வேகத்தில் ஓடினால் ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல். அதே கேபிள் 100-க்கு இறங்கியிருந்தால் ஒன்றரை மணி நேரம். வர வேண்டிய நேரம் ஒன்பது நிமிடம் என்று முன்பே தெரிந்தவருக்கு, அரை மணி ஆகிறது என்றவுடன் ஏதோ உறுத்தும். கேபிள் காரணமென்றால் ஒன்றரை மணி ஆகியிருக்க வேண்டும். இது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அப்படியானால் சந்தேகம் டிஸ்கின் மேல், அல்லது பெட்டியின் ப்ராசஸர் மேல் போகிறது.

இங்கே வேண்டியது வேறு வகை சாஃப்ட்வேர். லேன் ஸ்பீடு டெஸ்ட் என்ற பெயரில் விண்டோஸில் ஒன்று உண்டு. பகிரப்பட்ட ஃபோல்டர் ஒன்றைக் காட்டினால், அதில் ஒரு ஃபைலை எழுதிப் பார்த்து, திரும்பப் படித்துப் பார்த்து, இரண்டு வேகத்தையும் தனித்தனியாகச் சொல்லும். எதிர்முனையில் எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் அது தரும் எண் நெட்வொர்க்கின் எண் அல்ல. நெட்வொர்க்கும் டிஸ்கும் ஃபைல் பகிர்வு முறையும் கலந்த எண். படிப்பு வேகத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. இப்போதுதான் எழுதிய ஃபைல் சர்வரின் மெமரியிலேயே சுடச்சுட இருக்கும். டிஸ்கைத் தொடாமலே திரும்பி வரும். சோதனை ஃபைலை சர்வரின் மெமரியைவிடப் பெரிதாக வைத்தால்தான் உண்மை தெரியும்.

ஆகவே இரண்டையும் ஓட்டுங்கள். ஐபெர்ஃப் 941, ஃபைல் சோதனை 112 என்றால் எல்லாம் நலம். ஐபெர்ஃப் 941, ஃபைல் சோதனை 40 என்றால் கேபிளை விட்டுவிட்டுப் பெட்டியைத் திறங்கள். இரண்டுமே குறைந்தால் கேபிள்பக்கம் வாருங்கள். தனித்தனியே பார்த்தால் குழப்பும் இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடன் பேசத் தொடங்கிவிடும்.

சின்ன ஃபைல்களின் கதை வேறு. ஒரே 10 ஜிபி வீடியோ சட்டென்று போகும். அதே 10 ஜிபி பல்லாயிரம் போட்டோக்களாக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் திற, எழுது, மூடு என்று சர்வரோடு தனித்தனிப் பேச்சுவார்த்தை. நடுவே ஆன்டிவைரஸின் பரிசோதனை வேறு. இதற்கு எந்த ஸ்பீடு டெஸ்டும் சரியான பதில் தராது. உங்கள் வேலையில் உண்மையாக வரும் ஃபோல்டர் ஒன்றையே எடுத்து, காப்பி பண்ணி, கடிகாரத்தைப் பாருங்கள். அதைவிட நல்ல சோதனை கிடையாது.

போனும் வைஃபையும்

போனிலும் டேப்லெட்டிலும் கமாண்ட் தட்டச் சொல்ல முடியாது. அங்கே ஓப்பன்ஸ்பீடுடெஸ்ட், லிப்ரேஸ்பீடு ஆகிய இரண்டும் கைகொடுக்கும். உங்கள் லேனுக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டரில் நிறுவிவிட்டால் போதும். எந்த போனிலிருந்தும் பிரவுசரில் அந்த முகவரியைத் திறந்து பட்டனைத் தட்டலாம். பிரவுசர் நடுவில் இருப்பதால் பழைய போன்களில் எண் குறைவாக வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வர வேண்டிய எண் வைஃபைக்கு வேறு. இணைப்பு வேகம் 866 என்று லேப்டாப் காட்டினால் அதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை கைக்கு வந்தால் நிறைவு. காற்று எல்லோருக்கும் பொது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். அதனால் வைஃபையை ஒரு இடத்தில் ஒருமுறை சோதித்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஒவ்வொரு அறையிலும், ஆள் நிறைந்த நேரத்தில் சோதிக்க வேண்டும். சர்வர் முனை எப்போதும் கேபிளில் இருக்கட்டும். இரண்டு முனையும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் இருமுறை காற்றில் ஏறும், எண் பாதியாகும்.

வேகம் மட்டும் போதாத இடம்

கேமராவுக்கும் போன் பேச்சுக்கும் உச்ச வேகம் முக்கியமல்ல. இடைவிடாமல், சீராக வர வேண்டும். 16 கேமரா, ஒவ்வொன்றும் 4 மெகாபிட் என்றால் மொத்தம் 64. ஐபெர்ஃப்3-இல் யுடிபி முறையைத் தேர்ந்து, சின்ன எழுத்து பி (b) குறியில் 64 மெகாபிட் என்று கொடுத்து, சில நிமிடம் ஓடவிட்டு, எத்தனை பாக்கெட் தொலைந்தது என்று பாருங்கள். அளவைக் கொடுக்க மறந்தால் அது தானாக 1 மெகாபிட் மட்டுமே அனுப்பும், "நம்ம நெட்வொர்க் ஒரு மெகாபிட்தானா!" என்று பதறியவர்கள் உண்டு.

பாக்கெட் இழப்பை அற்பமாக நினைக்க வேண்டாம். ஈஎஸ்நெட்காரர்கள் பதிவு செய்த ஒரு நிகழ்வில், பழுதான ரூட்டர் கார்டு ஒன்று 22,000 பாக்கெட்டுக்கு ஒன்றை மட்டும் தவறவிட்டது. அருகில் இருந்த கருவிகளுக்கு அது தெரியவே இல்லை; தொலைவில் இருந்தவர்களுக்கு வேகம் சரிந்தது. தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்கப் பக்கத்தில் இருப்பவருக்குக் கண்ணிமைக்கும் நேரம் போதும். கண்டம் தாண்டி இருப்பவருக்கு ஒவ்வொரு முறையும் நெடுந்தூரம். உங்கள் ஆபீஸின் கிளை வேறு ஊரில் இருந்தால், லேனில் 941 வந்துவிட்டது என்று ரெட்ர் பத்தியைப் பார்க்காமல் விடாதீர்கள்.

ஐபெர்ஃப் ஓடும்போதே இன்னொரு ஜன்னலில் பிங்கையும் ஓடவிடுங்கள். சும்மா இருக்கும் கேபிள் லேனில் பிங் ஒரு மில்லி செகண்டுக்குள் வரும். சுமை ஏறும்போது அது பத்துகளுக்கும் நூறுகளுக்கும் தாவினால், நடுவில் ஏதோ ஒரு பெட்டி பாக்கெட்டுகளை வரிசையில் தேக்கி வைக்கிறது. வீடியோ காலில் குரல் அறுந்து அறுந்து வருவதற்கு வேகக் குறைவைவிட இதுவே பல இடங்களில் காரணம்.

என்ன செய்ய வேண்டும்

சுருக்கிச் சொல்கிறேன். கேபிளையும் ஸ்விட்சையும் சோதிக்க ஐபெர்ஃப்3. விண்டோஸில் 10 கிகாபிட் என்றால் என்டிடிடிசிபி. ஃபைல் சர்வருக்கு, ஐபெர்ஃபோடு சேர்த்து ஒரு ஃபைல் எழுதிப் படிக்கும் சோதனை. போனுக்கும் வைஃபைக்கும் லேனுக்குள் நிறுவிய பிரவுசர் சோதனை. கேமராவுக்கு யுடிபி. எல்லாவற்றோடும் பிங். ஓப்பன்ஸ்பீடுடெஸ்ட் உட்பட எதற்கும் நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கேபிள் போடும் ஒப்பந்தங்களில் இன்று "லிங்க் வந்தால் போதும்" என்ற நிலைதான் இருக்கிறது. விளக்கு எரிந்தால் பில் பாஸாகிறது. அதை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த முறை வேலை கொடுக்கும்போது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: ஒவ்வொரு ஐஓ பாயின்ட்டிலும் இரு திசையிலும் ஐபெர்ஃப்3 ஓட்டி, 930-க்குக் குறையாமல் வந்ததற்கான ஸ்கிரீன்ஷாட்டைப் பாயின்ட் எண்ணோடு கொடுத்த பிறகே கடைசித் தவணை. அந்த ஸ்கிரீன்ஷாட்களை ஒரு ஃபைலில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து யாராவது "நெட் ஸ்லோ" என்று வந்து நின்றால், அந்த மேசைக்குரிய பழைய எண்ணும் இன்றைய எண்ணும் உங்கள் கையில் இருக்கும். பேச்சு யூகத்தில் தொடங்காது.